வீணை வகுப்புக்கு எந்தக் கேமரா? 4கே வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

கேள்வியின் சுருக்கம்: வீட்டில் தரையில் அமர்ந்து வீணை கற்பிக்கிறீர்கள். தினமும் நான்கு மணி நேரம் ஜூம் வகுப்பு. மாதம் ஒருமுறை யூடியூபில் ஒரு மணி நேர நேரலைக் கச்சேரி. லேப்டாப் கேமராவில் முகம் தெரிகிறது, ஆனால் விரல் எந்த மெட்டில் (வீணையின் நீண்ட தண்டியில் குறுக்கே பதித்த பித்தளைக் கட்டைகள்) இருக்கிறது என்று மாணவர்களுக்குத் தெரியவில்லை. கையில் 40,000 ரூபாய். 4கே வெப்கேம் வாங்குவதா, டி.எஸ்.எல்.ஆர். வாங்குவதா?

இரண்டும் வேண்டாம். கையால் அமைப்புகளை மாற்ற இடம் தரும் 1080பி (குறுக்கே 1920 புள்ளிகள்) வெப்கேம் இரண்டு, நல்ல வெளிச்சம், ஒரு மைக். இந்த மூன்றும் உங்கள் பணத்துக்குள் அடங்கும், மிச்சமும் இருக்கும். ஏன் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

வீணையின் நீளம் ஏறத்தாழ நான்கு அடி. குடம் முதல் யாளி முகம் வரை முழுவதும் தெரிந்து, இருபுறமும் கொஞ்சம் இடமும் விட்டால் சட்டகத்தின் அகலம் ஒன்றரை மீட்டர் ஆகும். ஜூமில் நல்ல நிலையில் மாணவருக்குப் போய்ச் சேருவது பெரும்பாலும் 720பி, அதாவது குறுக்கே 1280 புள்ளிகள். 1500 மில்லிமீட்டரை 1280ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு 1.17 மில்லிமீட்டர். முதன்மைத் தந்தியான சாரணியின் தடிமனோ 0.3 மில்லிமீட்டர் அளவுதான். அந்தச் சட்டகத்தில் தந்தி தெரியவே தெரியாது. கமகத்துக்காக ஒரு சென்டிமீட்டர் இழுத்தாலும் விரல்நுனி எட்டு, ஒன்பது புள்ளி நகரும், அவ்வளவுதான். நீங்கள் லட்ச ரூபாய் கேமரா வைத்தாலும் ஜூம் அந்த 1280 புள்ளிக்குள் சுருக்கித்தான் அனுப்பும். மாணவர் கேலரி பார்வையில் வைத்திருந்தால் அதைவிடச் சிறியதாகவே போகும்.

இப்போது கேமராவை மெட்டுகள் மீது மட்டும் திருப்புங்கள். 24 மெட்டும் அடங்க 65 முதல் 70 சென்டிமீட்டர் அகலம் போதும். அதே 1280 புள்ளி, ஆனால் ஒரு புள்ளிக்கு அரை மில்லிமீட்டர் சொச்சம். தந்தி ஒரு கோடாகத் தெரியத் தொடங்கும், விரல் மெட்டின் மேல் அழுந்துகிறதா பின்னால் நிற்கிறதா என்பதும் தெரியும். ஆக, உங்களுக்குக் குறைவது கேமராவின் தரம் அல்ல, இன்னொரு கோணம்.

4கே முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். அனுப்புவதற்கு அது உதவாது. வெட்டி எடுப்பதற்கு உதவும். 4கே படத்தின் குறுக்கே 3840 புள்ளிகள். அதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெட்டி எடுத்தாலும் தரம் குறையாத 720பி கிடைக்கும். கேமராவைக் கைக்கு அருகில் கொண்டுபோக வழியே இல்லாத அறையாக இருந்தால் லாஜிடெக் பிரியோ போன்ற 4கே வெப்கேமுக்கு அர்த்தம் உண்டு. ஆனால் 1080பி சென்சாரிலேயே ஒன்றரை மடங்கு வெட்டலாம், உங்களுக்கு அதுவே போதும். 78 டிகிரி பார்வைக் கோணம் உள்ள சி920 வகை வெப்கேம் 75 சென்டிமீட்டர் தூரத்தில் சுமார் 105 சென்டிமீட்டர் அகலத்தைப் பிடிக்கும். அதிலிருந்து நடுவில் 1280 புள்ளியை வெட்டினால் சரியாக 70 சென்டிமீட்டர்.

விரல் மங்குவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் எந்தக் கேமரா வாங்கினாலும் இதே புகார் திரும்ப வரும். வெளிச்சம் குறைந்தால் வெப்கேம் தானாகவே ஷட்டரை நீட்டிக்கொள்ளும். நொடிக்கு 30 பிரேம் வர வேண்டியது 15க்கு இறங்கிவிடும். நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருந்தால் வேகமாக நகரும் விரல் பனிமூட்டம்தான். அதோடு கேமரா சிக்னலை மின்னணுவாகப் பெருக்கும், புள்ளிப்புள்ளியாக இரைச்சல் வரும். ஜூம் தன்னிடம் உள்ள கொஞ்சம் பிட்ரேட்டையும் (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு) அந்த இரைச்சலுக்கே செலவழித்துவிட்டு, விரல் நகரும் இடத்தைக் கட்டம் கட்டமாகக் குழப்பிவிடும். லேப்டாப் கேமராவில் நீங்கள் காண்பது இதைத்தான்.

எனவே முதல் செலவு வெளிச்சத்துக்கு. கூரையில் ஒரே ஒரு 20 வாட் எல்.இ.டி. டியூப் உள்ள அறையில் தரையில் அமர்ந்தவர் மேல் விழுவது பொதுவாக 100, 150 லக்ஸ்தான் (லக்ஸ் என்பது விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு). நமக்கு வேண்டியது 500 லக்ஸ். ரிங் லைட் வாங்காதீர்கள். முகத்துக்கு நேரே வைக்க வேண்டிய விளக்கு அது. மூக்குக்கண்ணாடியிலும், பாலிஷ் போட்ட குடத்திலும் வளையம் வளையமாகப் பிரதிபலிக்கும். மின்சாதனக் கடையில் கிடைக்கும் 20 வாட் எல்.இ.டி. பேட்டன் (டியூப் போன்ற நீள விளக்கு) நான்கு வாங்குங்கள், நான்கும் ஒரே நிறுவனம், ஒரே நிறம். மூன்றை ஒரு பலகையில் அருகருகே அடித்து, உங்கள் இடதுபக்கம் முன்னால் 45 டிகிரியில், அமர்ந்திருக்கும்போது தலைக்கு ஒன்றரை அடி மேலே இருக்கும்படி சாய்த்து நிறுத்துங்கள். முன்னால் அரை அடி இடைவெளி விட்டு வெள்ளை வேட்டி ஒன்றை ஒற்றை மடிப்பாகக் கட்டினால் நிழல் மிருதுவாகும். தூரம் நான்கு அடிக்கு மிகாமல் இருக்கட்டும். தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் கிட்டத்தட்ட நான்கில் ஒன்றாகிவிடும், அறையின் மூலையில் வைத்துவிட்டு வாட் போதவில்லை என்று நினைக்க வேண்டாம். நான்காவது பேட்டன் வலப்பக்கச் சுவரை நோக்கி இருக்கட்டும். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் நிழலை நிரப்பும்.

இடப்பக்கம் ஏன்? தண்டியும் மெட்டுகளும் இடக்கையும் அந்தப் பக்கம்தான். மெட்டின் பித்தளை விளிம்பில் மெல்லிய ஒளிக்கோடு விழுந்தால்தான் மாணவரின் கண் மெட்டுகளைப் பிரித்து எண்ணும். நேர் முன்னாலிருந்து தட்டையாக அடிக்கும் வெளிச்சத்தில் மெட்டுகளைப் பதித்த மெழுகின் கறுப்பும் மெட்டும் ஒன்றாகக் கலந்துபோகும்.

பேட்டன் வாங்கும்போது ஒரு சோதனை அவசியம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான டிரைவர் உள்ள எல்.இ.டி. நொடிக்கு 100 முறை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவில் மேலிருந்து கீழே ஊர்ந்துபோகும் இருண்ட பட்டைகளாகத் தெரியும். கடையிலேயே விளக்கை எரியவிட்டு, போனில் 240 பிரேம் ஸ்லோ மோஷன் எடுத்துப் பாருங்கள். படபடவென அடித்தால் அந்த விளக்கு வேண்டாம், அடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள். டிம்மர் உள்ளவற்றில் குறைத்து வைத்தபோதும் சோதியுங்கள். பல விளக்குகள் முழு வெளிச்சத்தில் ஒழுங்காக எரிந்து, பாதியில் மினுங்கும்.

இன்னொன்று, சீலிங் ஃபேன். விளக்குக்கும் உங்களுக்கும் நடுவே இறக்கை சுற்றினால் முகத்தில் நிழல் வெட்டி வெட்டி விழும், தானியங்கி எக்ஸ்போஷர் அதைத் துரத்திக்கொண்டு படம் முழுவதும் மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கும். கூரை விளக்கை அணைத்துவிட்டு பலகை விளக்கை ஃபேனின் மட்டத்துக்குக் கீழே வைத்தால் தீர்ந்தது.

நிற விஷயம்: கடையில் கூல் டேலைட் என்று விற்பது 6500 கெல்வின், வார்ம் ஒயிட் 2700 அல்லது 3000. இரண்டையும் ஒரே அறையில் எரியவிட்டால் முகம் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள். ஜன்னல் வழியே பகல் வெளிச்சம் வரும் அறைக்கு 6500 ஒத்துப்போகும். மாலை வகுப்பில் பூஜை அலமாரியின் மஞ்சள் விளக்கு பின்னால் சிறிதாகத் தெரிவது அழகு. முகத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கேமராவுக்கு வருவோம்.

வெப்கேம் வாங்கும்போது பெட்டியில் எழுதியிருக்கும் மெகாபிக்சலை விட்டுவிட்டு மூன்று விஷயங்களைப் பாருங்கள்: ஃபோகஸைக் கையால் பூட்ட முடிகிறதா, எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) பூட்ட முடிகிறதா, அடியில் ட்ரைபாட் திருகு ஓட்டை இருக்கிறதா. லாஜிடெக் சி920, சி922 இரண்டிலும் இவை உண்டு. பழைய வடிவமைப்புதான், சி920 வந்தது 2012இல். ஆனாலும் போதுமான வெளிச்சத்தில் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். எல்காட்டோ ஃபேஸ்கேம் நிலையான ஃபோகஸ் கொண்டது, ஃபோகஸ் அலைவதே கிடையாது. ஆனால் மேசைக்கு முன் அமர்பவரின் முகத்துக்கான தூரத்துக்கு வடிவமைத்தது, மிக நெருங்கிய கைக் கோணத்துக்குச் சரிப்படாது. தலையைத் திருப்பி உங்களைப் பின்தொடரும் மோட்டார் வெப்கேம்கள் உங்களுக்குத் தேவையில்லை. அமர்ந்த இடத்தை விட்டு நகராதவருக்கு அது வீண் செலவு, பாடம் நடுவே கேமரா எதையோ தேடித் திரும்புவது தொல்லையும் கூட.

விலை மலிவான பெயர் தெரியாத 2கே, 4கே வெப்கேம்கள் பலவற்றில் உள்ளே 1080பி சென்சார்தான் இருக்கும், மென்பொருள் ஊதிப் பெரிதாக்கும். செய்தித்தாளைக் கேமரா முன் பிடித்து 1080பியிலும் 4கேயிலும் ஒவ்வொரு ஸ்டில் எடுத்து ஒப்பிட்டால் குட்டு வெளிப்படும்.

வீட்டில் நல்ல போன் சும்மா கிடந்தால் இரண்டாவது வெப்கேமே வேண்டாம். இன்றைய நடுத்தர போனின் பிரதான கேமரா சென்சார் வெப்கேமுடையதைவிடப் பெரிது. மேக் வைத்திருந்தால் 2022இல் வந்த வென்ச்சுரா முதல் ஐபோனை நேரடியாக வெப்கேமாக எடுத்துக்கொள்ளும். விண்டோஸுக்கு டிராய்ட்கேம், கேமோ போன்ற செயலிகள் உண்டு. வைஃபையில் இணைக்காமல் கேபிளில் இணையுங்கள், உறையைக் கழற்றிவிடுங்கள். நான்கு மணி நேரம் சார்ஜ் ஏறிக்கொண்டே படம் அனுப்பும் போன் கொதிக்கும், சூடு மீறினால் திரை மங்கி பிரேம் குறையும். போனின் பின்பக்கம் ஒரு சிறு மேசை விசிறிக் காற்று படும்படி வைப்பது பலன் தரும், மைக்குக்கு எட்டாத பக்கத்தில்.

டி.எஸ்.எல்.ஆர்., மிரர்லெஸ் பற்றி. படம் அழகாக இருக்கும், மறுப்பதற்கில்லை. ஏ.பி.எஸ்.-சி சென்சாரின் அளவு 23.5க்கு 15.6 மில்லிமீட்டர், வெப்கேமின் சென்சார் மிளகு அளவு. ஆனால் உங்கள் வேலைக்கு அந்த அழகே எதிரி. பலரும் ஆசைப்பட்டு வாங்கும் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸை ஒரு மீட்டர் தூரத்தில் முழுவதும் திறந்து வைத்தால் துல்லியமாகத் தெரியும் ஆழம் வெறும் மூன்று சென்டிமீட்டர். கண் தெளிவாக இருக்கும். கண்ணுக்கு ஒரு அடி முன்னால் இருக்கும் விரல் மங்கிவிடும். கிட் லென்ஸையே 24 மில்லிமீட்டரில், எஃப் 5.6இல், ஒன்றரை மீட்டர் தூரத்தில் வைத்தால் ஆழம் 80 சென்டிமீட்டரைத் தாண்டும், முகமும் தண்டியும் சேர்ந்து தெளியும், சட்டகமும் அதே ஒன்றரை மீட்டர் அகலம். அதற்கு ஷட்டர் 1/50, ஐ.எஸ்.ஓ. 800 என்று வைத்தால் தேவைப்படும் வெளிச்சம் கணக்குப்படி 490 லக்ஸ் அளவு. மேலே சொன்ன 500 அங்கிருந்து வந்ததுதான்.

பின்னால் கச்சேரி நேரலைக்காக அப்படி ஒன்று வாங்குவதானால் வாங்குமுன் இவற்றை உறுதிசெய்யுங்கள். ஹெச்.டி.எம்.ஐ.யில் திரையெழுத்துகள் இல்லாத சுத்தமான படம் வருகிறதா? தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர். சிலவற்றில் ஃபோகஸ் கட்டமும் பேட்டரி அடையாளமும் படத்தோடு சேர்ந்தே வெளியே போகும், அணைக்க வழி கிடையாது. பேட்டரிக்குப் பதிலாகச் சுவர் மின்சாரத்தில் ஓட டம்மி பேட்டரி கிடைக்கிறதா? தானாக அணையும் நேரத்தை நிறுத்த முடிகிறதா? யு.எஸ்.பி. வழியே நேராக வெப்கேமாக இணைத்தால் என்ன தரம் வருகிறது? சோனி இசட்வி-இ10ஐ யு.எஸ்.பி.யில் இணைத்தால் 720பிதான், 1080பி வேண்டுமென்றால் ஹெச்.டி.எம்.ஐ.யும், அந்தப் படத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் கேப்ச்சர் கார்டும் தேவை. அதன் மைக்ரோ ஹெச்.டி.எம்.ஐ. துளை மிக மென்மையானது. கேபிளை ட்ரைபாடில் ஒரு டேப்பால் கட்டாமல் தொங்கவிட்டால் துளை தளர்ந்து நேரலை நடுவே படம் போய்ப் போய் வரும். கேமரா, லென்ஸ், டம்மி பேட்டரி, கார்டு என்று கூட்டினால் 40,000 எங்கோ பின்தங்கிவிடும்.

கேப்ச்சர் கார்டில் ஏமாற்று அதிகம். ஆயிரம் ரூபாய்க்கு உள்ளும் கிடைக்கும் விரல் அளவுக் கார்டுகளில் இருப்பது பெரும்பாலும் எம்.எஸ்.2109 என்ற சிப். பிளக் நீல நிறத்தில் இருக்கும், பெட்டியில் யு.எஸ்.பி. 3.0, 4கே என்று எழுதியிருக்கும். உள்ளே ஓடுவது யு.எஸ்.பி. 2.0, கிடைப்பது சுருக்கிய 1080பி 30 பிரேம். 4கே என்பது உள்ளே வாங்கிக்கொள்ளும் சிக்னலின் அளவு மட்டும்தான். ஜூம் வகுப்புக்கு அதுவே தாங்கும். யூடியூப் கச்சேரிக்கு எல்காட்டோ கேம் லிங்க் 4கே போன்ற உண்மையான யு.எஸ்.பி. 3.0 கார்டு வேண்டும்.

யு.எஸ்.பி. கணக்கையும் ஒருமுறை போட்டுவிடுவது நல்லது, இரண்டு வெப்கேம் வைக்கும்போது சிக்கல் வருவது இங்கேதான். சுருக்காத 1080பி 30 பிரேம் படம் நொடிக்கு 124 மெகாபைட். யு.எஸ்.பி. 2.0 நடைமுறையில் தருவது 35, 40 மெகாபைட். அதனால்தான் ஓ.பி.எஸ். என்ற நேரலை மென்பொருளில் கேமராவைச் சேர்த்ததும் ஒய்.யு.ஒய்.2 என்ற சுருக்காத வடிவம் தேர்வாகியிருந்தால் படம் நொடிக்கு ஐந்து பத்துப் பிரேமாகத் திக்கித் திணறும். சாதன அமைப்பில் தெளிவுத்திறனை 1920க்கு 1080, பிரேமை 30, வடிவத்தை, படத்தைச் சுருக்கி அனுப்பும் எம்ஜேபெக் என்று நீங்களே போட வேண்டும். இரண்டு கேமராவையும் ஒரே ஹப்பில் செருகினால் இரண்டாவது கறுப்பாகவே நிற்கக்கூடும். ஒவ்வொரு கேமராவும் தனக்கான இடத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும், மிச்சம் போதாது. லேப்டாப்பின் இடது துளையில் ஒன்று, வலது துளையில் மற்றொன்று என்று செருகிப் பாருங்கள். அப்போதும் வரவில்லையென்றால் முகக் கேமராவை 720பிக்கு இறக்குங்கள், கைக் கேமராவைத் தொடாதீர்கள்.

கேமராக்களை நிறுத்தும் இடம். நீங்கள் தரையில் அமர்வதால் கண்ணின் உயரம் தரையிலிருந்து 75, 80 சென்டிமீட்டர்தான். முகக் கேமரா அதே உயரத்தில், ஒரு மீட்டர் சொச்சம் தூரத்தில், நேர் எதிரே. ட்ரைபாட் வாங்கும்போது எவ்வளவு உயரம் ஏறும் என்று பார்ப்பார்கள். நீங்கள் எவ்வளவு தாழும் என்று பாருங்கள். கைக் கேமரா உங்கள் இடப்பக்கம் முன்னால், தண்டிக்கு மேலே 75 சென்டிமீட்டரில், 45 டிகிரி கீழ்நோக்கி. நேர் உச்சியிலிருந்து பார்த்தால் உங்கள் தலையும் தோளும் மறைக்கும், தந்தியை இழுக்கும் அளவும் சரியாகத் தெரியாது. இதற்குக் கிடைமட்டக் கை உள்ள ஸ்டாண்ட் தேவை. எதிர்முனையில் ஐந்து கிலோ அரிசிப் பையைக் கட்டுங்கள், கேமராவைத் தனியாக ஒரு கயிற்றாலும் ஸ்டாண்டோடு பிணையுங்கள். கிளாம்ப் நழுவினால் கீழே இருப்பது பலா மரத்தில் கடைந்த உங்கள் வீணை.

இனி அமைப்புகள். விண்டோஸில் ஓ.பி.எஸ். வழியே கேமராவின் பண்புகளைத் திறந்தால் இரண்டு பக்கங்கள் வரும். ஒன்றில் பவர்லைன் ஃபிரீக்வென்சி 60 என்று இருந்தால் 50க்கு மாற்றுங்கள். லோ லைட் காம்பென்சேஷன் என்ற குறியை எடுத்துவிடுங்கள், 15 பிரேமுக்கு இறங்கும் வேலையைச் செய்வது அதுதான். ஃபோகஸ் ஆட்டோவை எடுத்துவிட்டு, கைக் கேமராவில் ஏழாவது மெட்டில் ஒரு விரலை வைத்தபடி ஸ்லைடரை நகர்த்தித் தெளிவான இடத்தில் நிறுத்துங்கள். ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு ஜாரு (விரலைத் தந்தியில் வழுக்கிக்கொண்டு போவது) வாசிக்கும்போதும் கை நகர்வதைக் கண்டு கேமரா ஃபோகஸைத் தேடி உள்ளே வெளியே போய்வரும்.

எக்ஸ்போஷர் ஸ்லைடரில் மைனஸ் 5, மைனஸ் 6 என்று எண்கள் இருக்கும். அவை இரண்டின் அடுக்குகள்: மைனஸ் 5 என்றால் 1/32 நொடி, மைனஸ் 6 என்றால் 1/64. நம் 50 ஹெர்ட்ஸ் விளக்குக்குப் பட்டை விழாத ஷட்டர்கள் 1/50, 1/100 போன்றவை, அவை இந்த ஸ்லைடரில் சரியாக அமையாது. மினுங்காத விளக்கு வாங்கியிருந்தால் மைனஸ் 6இல் பூட்டுங்கள். விளக்கு மினுங்கும் ரகமென்றால் பவர்லைனை 50 என்று வைத்து எக்ஸ்போஷரை ஆட்டோவில் விடுங்கள், கேமராவே பத்து மில்லிநொடியின் மடங்குகளைத் தேர்ந்துகொள்ளும். ஷட்டரை மிக வேகமாக வைப்பதும் தவறு. 1/250க்கு மேல் போனால் அதிரும் தந்தி பாம்பு போல நெளிவதாகத் தெரியும். சென்சார் படத்தை வரிசை வரிசையாகப் படிப்பதால் வரும் மாயம் அது. பார்க்க வேடிக்கை, பாடத்துக்கு இடைஞ்சல்.

ஒயிட் பேலன்ஸையும் பூட்டுங்கள், 6500 அருகில். அரக்குப் பட்டுப்புடவைக்கும் வெளிர்நீலப் பருத்திக்கும் ஆட்டோ வெவ்வேறு முடிவு எடுக்கும், முகத்தின் நிறம் நாளுக்கொரு விதமாக மாறும். பொடிக் கட்டம் போட்ட புடவையைக் கேமரா நாளில் தவிர்ப்பது நல்லது, நெளிநெளியாக வானவில் அலைகள் ஓடும். கணினியை அணைத்து எழுப்பினால் இந்த அமைப்புகளில் சில பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எண்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

இரண்டு கோணத்தையும் மாணவருக்கு எப்படிக் காட்டுவது? ஓ.பி.எஸ்.ஸில் திரையைப் பாதி பாதியாகப் பிரிப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது, ஆனால் அது மோசம்: கைக்கு 640 புள்ளிதான் மிஞ்சும், போட்ட கணக்கெல்லாம் பாழ். கைப் படத்தை முழுத் திரையாகவும் முகத்தை மூலையில் ஐந்தில் ஒரு பங்கு அளவிலும் வையுங்கள். பேசும்போது முகம் முழுத்திரை, வாசிக்கும்போது கை முழுத்திரை என்று இரண்டு காட்சிகளை இரண்டு விசைகளுக்கு ஒதுக்கலாம். ஓ.பி.எஸ். வேண்டாமென்றால் ஜூமிலேயே திரைப்பகிர்வின் மேம்பட்ட பகுதியில் இரண்டாவது கேமராவைப் பகிரும் வசதி இருக்கிறது. கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பும் அமைப்பை ஓ.பி.எஸ்.ஸில் எங்கும் போடாதீர்கள். ஜூமில் உங்களுக்கு உங்கள் படம் இடவலம் மாறித் தெரிவது உங்களுக்கு மட்டும்தான், மாணவருக்குச் சரியாகவே போகும். அதைத் 'திருத்தப்' போனால் மாணவர் திரையில் குடம் இடம் மாறிவிடும்.

ஒலியில் செய்யும் தவறு படத்தைவிடப் பெரிது. ஜூமின் இரைச்சல் நீக்கி, மாறாமல் ஒலிக்கும் எதையும் இரைச்சல் என்றே கருதும். தம்பூரா சுருதிதான் அதன் முதல் பலி. அடுத்தது மீட்டிய பின் நீளும் நாதம். ஜூமின் ஒலி அமைப்பில் இசைக்கலைஞர்களுக்கான ஒரிஜினல் சவுண்டைத் தேர்ந்து, உயர்தர இசை முறையையும் குறியிடுங்கள். பிறகு வகுப்பின்போது திரையின் மேலே அந்தப் பொத்தான் இயங்குகிறதா என்றும் பாருங்கள், அமைப்பில் அனுமதிப்பது வேறு, இயக்குவது வேறு. எக்கோ நீக்கியை அணைத்தால் நீங்கள் ஹெட்போன் அணிந்தே ஆக வேண்டும்.

வெப்கேமில் உள்ள மைக்கை மறந்துவிடுங்கள். ஒரு யு.எஸ்.பி. கண்டென்சர் மைக், கார்டியாய்டு (முன்பக்க ஒலியை அதிகம் எடுக்கும்) வகை, குடத்திலிருந்து அரை மீட்டர் தூரத்தில், தந்திகளைத் தாங்கும் குதிரைக்கும் உங்கள் வாய்க்கும் நடுவே நோக்கியபடி இருந்தால் பேச்சும் வாசிப்பும் சேர்ந்து வரும். ஃபேன் முழக்கத்தைக் குறைக்க மைக்கிலோ மென்பொருளிலோ 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டச் சொல்வார்கள். பேச்சுக்கு அது சரி. மூன்று கட்டை சுருதியில், வீணையின் மிகத் தாழ்ந்த தந்தியான அனுமந்தரம் 62 ஹெர்ட்ஸ் அருகில் ஒலிப்பது. 100இல் வெட்டினால் அதன் அடித்தளமே போய்விடும். 50க்கு மேல் போகாதீர்கள், ஃபேனை ஒரு எண் குறையுங்கள்.

படத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி: வெப்கேமில் சிறிதாக இருக்கும், ஹெச்.டி.எம்.ஐ. கேமராவும் கேப்ச்சர் கார்டும் சேர்ந்தால் நொடியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாம். ஒலி முந்தும். ஓ.பி.எஸ்.ஸில் ஒரு நிமிடம் பதிவுசெய்து, கேமரா முன் ஒரு தாளம் தட்டி, பதிவை ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பாருங்கள். கை சேரும் பிரேமுக்கும் ஓசைக்கும் எத்தனை பிரேம் இடைவெளியோ அதை 33ஆல் பெருக்கினால் மில்லிநொடி. அந்த எண்ணை ஒலியின் சிங்க் ஆஃப்செட்டில் போடுங்கள். யூடியூபுக்கு இது போதும். ஜூமுக்குப் போதாது: ஓ.பி.எஸ்.ஸின் மெய்நிகர் கேமரா படத்தை மட்டுமே கொண்டுபோகும், ஒலி மைக்கிலிருந்து நேரே ஜூமுக்குப் போய்விடும், நீங்கள் போட்ட தாமதம் அதைத் தொடாது. விபி-கேபிள் என்ற மெய்நிகர் ஒலிக் கேபிளை நிறுவி, ஓ.பி.எஸ்.ஸின் மானிட்டர் ஒலியை அதற்கு அனுப்பி, ஜூமில் மைக்காக அதைத் தேர்ந்தால்தான் இரண்டும் சேர்ந்து நடக்கும்.

யூடியூப் நேரலைக்கு 1080பி, 30 பிரேம், மாறாத பிட்ரேட் 6,000 கிலோபிட், கீஃப்ரேம் 2 நொடி, ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். அப்லோடு வேகம் இதைப் போல் இரு மடங்காவது நிலையாக இருக்க வேண்டும். வைஃபையை நம்பாமல் ரவுட்டரிலிருந்து கேபிள் இழுங்கள். படம் தடுக்கினால் ஓ.பி.எஸ்.ஸின் புள்ளிவிவரச் சாளரத்தில் மூன்று எண்களைப் பிரித்துப் பாருங்கள். ரெண்டரிங்கில் தவறிய பிரேம் ஏறினால் கிராஃபிக்ஸ் திணறுகிறது. என்கோடிங்கில் ஏறினால் என்கோடரை மென்பொருளிலிருந்து இன்டெலின் குவிக் சிங்க் அல்லது என்விடியாவின் என்வெங்க்குக்கு மாற்றுங்கள். நெட்வொர்க்கில் விழுந்த பிரேம் ஏறினால் பிட்ரேட்டை 4,000க்குக் குறையுங்கள். எது ஏறுகிறது என்று பாராமல் கேமராவை மாற்றுவதில் பயனில்லை. மின்வெட்டுக்கு லேப்டாப் தாங்கும், ரவுட்டர் தாங்காது. 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ஒன்றை ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் கொடுத்துவிடுங்கள்.

வாங்கும் வரிசை: முதலில் பேட்டன்களும் மைக்கும். அவற்றோடு இருக்கிற லேப்டாப் கேமராவையும் போனையும் வைத்தே ஒரு வாரம் வகுப்பு நடத்துங்கள். பிறகு ஒரு வெப்கேம், அதைக் கைக் கோணத்துக்கு. கடைசியாக முகத்துக்கு இரண்டாவது வெப்கேம். போன் நன்றாக உழைக்கிறது என்றால் அதுவும் வேண்டாம். ஒவ்வொன்று வாங்கியதும் மற்றொரு போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் உங்கள் வகுப்பிலேயே மாணவராகச் சேர்ந்து, வீட்டில் யாரையாவது வீணையில் ஏதோ ஒரு மெட்டில் விரல் வைக்கச் சொல்லிவிட்டு அடுத்த அறையிலிருந்து அது எத்தனையாவது மெட்டு என்று சொல்லிப் பாருங்கள். பத்தில் ஒன்பது முறை சரியாகச் சொன்னால் மிச்சப் பணத்தைப் புது மெழுகுக்கும் தந்திக்கும் வைத்துக்கொள்ளலாம்.